வாடகை வீட்டு வாசலில் ஒரு கேள்வி

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை தொங்கும் வாசலில் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது சம்பளம் அல்ல. “எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?” என்பதுதான். தெருவைச் சொன்னதும், “சொந்தக்காரங்க வர்றதா சொல்லியிருக்காங்க, அப்புறம் பாக்கலாம்” என்று பதில் வரும். அடுத்த வாரமும் பலகை அங்கேயே தொங்கும். வேப்பந்தட்டையிலிருந்தும் செந்துறையிலிருந்தும் படிக்கவும் வேலைக்கும் வரும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பதில் மனப்பாடம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அவர்களுக்கு மாவட்டத் தலைநகரில் வீடு இல்லையென்றால், அது யாருக்கான நகரம்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்டக் கூடாது. உரிமையாளருக்கும் காப்பு உண்டு: இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, அறிவிப்பு கொடுத்தும் கட்டாதவரை வெளியேற்றக் கேட்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால், இந்தப் பாதுகாப்பெல்லாம் வீட்டுக்குள் குடிபோன பிறகுதான். சாவியே கைக்கு வராதவருக்கு ஒப்பந்தம் ஏது, பதிவு ஏது?

வாசலில் நடப்பதற்கு வேறு சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையால் நடந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். இல்லையென்று காட்டுவது எதிராளியின் பொறுப்பு. இவ்வளவு வலுவான சட்டம் நம் ஊர்களில் எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கிறது?

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். முகவரியிலேயே சாதியைக் காட்டிக்கொடுக்கும் சொல் அது. ஆனால், சொல் போனாலும் கேள்வி போகவில்லை.

எனவே நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகள், சாதி பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்று அலுவலக வாசலில் எழுதி வைக்கட்டும். சொத்து வரி ரசீதிலும் அச்சிடட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டிய வன்கொடுமைத் தடுப்பு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு, இந்தப் புகார்களையும் எடுத்துப் பேசட்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். தெருப் பெயரை மாற்றிச் சொல்லாதீர்கள். வீடு பார்க்க நண்பரையும் கூட்டிச் செல்லுங்கள். மறுத்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பலகையின் படம் எல்லாவற்றையும் குறித்துவைத்து, எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். தலைகுனிய வேண்டியவர் தெருவைச் சொன்னவர் அல்ல, கேட்டவர்தான்.