வீட்டுத் தொலைபேசியும் கட்டணத் தொலைக்காட்சியும் இனித் தேவைதானா?



2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. இணையவழிப் பாடம் நடத்த வேண்டும் என்றார்கள். என் வகுப்பில் 23 மாணவர்கள். ஒவ்வொரு வீட்டிற்கும் அழைத்து, "வீட்டில் இணையம் உள்ளதா?" எனக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பதினொரு வீடுகளில் கிடைத்த விடை ஒன்றுதான். "அப்பாவின் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது, ஆசிரியை. அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை பாடம் பார்க்க முடியும்." இரவு ஒன்பது மணிக்கு மேல் கண்களைக் கசக்கிக்கொண்டு பயிற்சி செய்த பிள்ளைகளை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது.

கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்தபோது பயிற்சித் தாள்களைக் கொடுப்பதற்காகக் கிள்ளானில் உள்ள சில அடுக்குமாடிகளுக்குச் சென்றேன். இணையம் இல்லை என்று சொன்ன வீடுகளில் பெரும்பாலானவற்றின் மாடத்தில் செயற்கைக்கோள் தட்டு இருந்தது. மாதந்தோறும் தொலைக்காட்சிக்குக் கட்டணம் செலுத்தும் வீடு. பிள்ளையின் பாடத்திற்கு இணையம் இல்லாத வீடு.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன்பு வரை என் வீடும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நானே திருந்தி வந்தவள் என்பதால்தான் இதைப் பற்றி எழுதும் துணிவு வந்தது.

இந்தச் செலவு எப்படி வந்தது?

ஆர்.டி.எம். ஒளிபரப்பும் தமிழ்ப் படத்திற்காக வாரம் முழுவதும் காத்திருந்த தலைமுறை எங்களுடையது. அதை விட்டால் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒளிநாடா வாடகைக்கு எடுக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு ஆஸ்ட்ரோ வந்தது. அதனுடன் வானவில் அலைவரிசையும் வந்தது. நாள் முழுவதும் வீட்டில் தமிழ் ஒலித்தது. தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்து நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருந்த நம் தாய்மார்களுக்கு அது பெருந்துணையாக இருந்தது. அந்த நன்மையை மறுப்பது நன்றியாகாது.

வீட்டுத் தொலைபேசிக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது. டெலிகோம் மலேசியாவின் ஸ்திரீமிக்ஸ் இணையம் தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாகத்தான் வந்தது. இணையம் வேண்டுமென்றால் தொலைபேசியும் வேண்டும். ஆக, மூன்று கட்டணங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. மூன்றும் சேர்ந்தால் ஒரு தவணைப் பணம்.

பிறகு நிலைமை மாறியது. 2010இல் யூனிஃபை ஒளியிழை இணையம் அறிமுகமானபோது விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்திற்கு மாதம் 149 வெள்ளி. 2018இல் அரசு அணுகல் விலைக்கு வரம்பு விதித்த பிறகு சந்தையில் விலைகள் இறங்கின. 30 மெகாபிட் வேகம் 89 வெள்ளிக்குக் கிடைத்தது. 2023இல் வருமானம் குறைந்தோர் உள்ளிட்ட பிரிவினருக்காக வந்த ஒற்றுமைத் தொகுப்பில் அதே வேகத்திற்கு 69 வெள்ளி. வேகம் ஆறு மடங்கு. விலையோ பாதிக்கும் குறைவு. ஆயினும் நம்மில் பலர் பழைய கட்டணத்தையே செலுத்திக்கொண்டிருந்தோம். யாரும் வந்து "உங்கள் தொகுப்பு பழையது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கதவைத் தட்டிச் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு

2018 டிசம்பர் விடுமுறையில் கட்டணப் பட்டியல்கள் அனைத்தையும் மேசையில் பரப்பினேன். வரி நீங்கலாக நான் கண்ட கணக்கு இது:

தொலைபேசி வாடகை – 25 வெள்ளி
அழைப்புகள் – 11 வெள்ளி 40 சென்
செப்புக் கம்பி இணையம் – 110 வெள்ளி
கட்டணத் தொலைக்காட்சி – 142 வெள்ளி
மொத்தம் – 288 வெள்ளி 40 சென்

ஒரு வாரம் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்து வைத்தேன். அத்தனை அலைவரிசைகளில் நாங்கள் பார்த்தவை ஐந்தே ஐந்து. தொலைபேசியில் வெளியே அழைத்தவர் என் தாயார் மட்டுமே.

எங்கள் தாமானுக்கு ஒளியிழை வந்ததும் 2019இன் தொடக்கத்தில் மாறினோம். இணையத்திற்கு 89 வெள்ளி. தாயாரின் கைப்பேசிக்கு 15 வெள்ளி. மொத்தம் 104 வெள்ளி. மாதம் 184 வெள்ளி 40 சென் மிச்சம். ஆண்டுக்கு 2,212 வெள்ளி 80 சென். நான்கு ஆண்டுகள் சேர்த்தால் ஒரு பிள்ளையின் உயர்கல்விக்கு நல்லதொரு தொடக்கம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். நாங்கள் அளக்காமலே போட்டுக்கொண்டிருந்தோம்.

தொலைக்காட்சிக்கு என்ன செய்வது?

மாதக் கட்டணம் இல்லாத வழிகள் நம் நாட்டிலேயே உள்ளன.

முதலாவது, மைஃப்ரீவியூ. 2017இல் தொடங்கிய இந்த இலக்கவியல் ஒளிபரப்பு, 2019இல் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இதைப் பெறும் வசதி உள்ளேயே இருக்கிறது; ஓர் அலைவாங்கி போதும். பழைய தொலைக்காட்சி என்றால் ஒரு சிறு பெட்டியும் வேண்டும். எங்களுக்கு இரண்டிற்கும் சேர்த்து 190 வெள்ளி ஆயிற்று. ஒரே ஒருமுறைச் செலவு. ஆர்.டி.எம். தமிழ்ச் செய்தியும் கிடைக்கிறது, மின்னல் எப்.எம். வானொலியும் கிடைக்கிறது. தட்டில் வரும் அலைவரிசைகள் கனமழை பெய்தால் மறைந்துபோவதை நாம் அறிவோம். மிகு அதிர்வெண் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுவதே அதற்குக் காரணம். தரைவழி அலைகளுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

இரண்டாவது, 2012இல் வந்த என்ஜோய். பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. கூடுதல் அலைவரிசை வேண்டுமென்றால் வேண்டிய நாள்களுக்கு மட்டும் முன்பணம் செலுத்திப் பார்க்கலாம். தட்டையே விரும்பும் முதியோர் உள்ள வீட்டிற்கு இது ஏற்றது.

மூன்றாவது, இணையம். வீட்டில் இணையம் வந்துவிட்டால் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை.

நான் செய்த பிழை

கணக்கு மட்டும் பார்த்ததால் ஒன்றைத் தவறவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொலைபேசி எண் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் என் தாயாரோடு பால் வெட்டிய கூட்டாளி ஒருவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எண் மட்டும் மனப்பாடம். நான் யாரிடமும் கேட்காமல் இணைப்பைத் துண்டித்தேன். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அழைப்பு வரவில்லை. மறு ஆண்டு, உறவினர் ஒருவர் வழியாக, அந்த அம்மையார் நோயுற்று இறந்துவிட்ட செய்தி வந்தது. என் தாயார் சினக்கவில்லை. "நம்பரை வெட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். மாதம் 25 வெள்ளி மிச்சப்படுத்தியதாக நான் எழுதி வைத்திருந்த ஏட்டை அன்று மூடி வைத்தேன்.

அதனால் சொல்கிறேன். தொலைபேசியைத் துண்டிக்கும் முன் மூன்று மாதம் பொறுங்கள். அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் புதிய எண்ணைச் சொல்லுங்கள். பெரியவர்களின் பழைய எண் புத்தகத்தை எடுத்து, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, நீங்களே ஒவ்வோர் எண்ணாக அழைத்துச் சொல்லுங்கள். ஒளியிழையோடு தொலைபேசியும் தருகிறார்கள் என்றால், பழைய எண்ணையே தொடர முடியுமா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பழைய தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் அது ஒலிக்கும். ஒளியிழைத் தொலைபேசி மின்சாரம் நின்றால் நின்றுவிடும். தனியாக இருக்கும் முதியவரிடம் மின்னூட்டிய கைப்பேசி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். 999 எண்ணை அதில் அழுத்திப் பழக்கிவிடவும் வேண்டும்.

ஒப்பந்தக் காலத்தையும் பாருங்கள். பெரும்பாலும் 24 மாதம். இடையில் முறித்தால் தண்டம் கட்ட நேரிடும். துண்டிக்கக் கேட்ட நாளையும் அவர்கள் தரும் குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். சிக்கல் எழுந்தால் முதலில் நிறுவனத்திடம் முறையிடுங்கள். தீராவிட்டால் 2001 முதல் இயங்கிவரும் மலேசியத் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்தை நாடலாம்.

மலிவு என்ற பெயரில் இரண்டு கண்ணிகள்

முதல் கண்ணி, "எல்லா அலைவரிசையும் வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று விற்கப்படும் பெட்டி. உரிமம் இல்லாமல் திருட்டுத்தனமாக ஒளிபரப்பும் பெட்டிகள் இவற்றில் உண்டு. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், இத்தகைய பெட்டிகளை விற்போருக்கும் வழங்குவோருக்கும் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்க வழி செய்கிறது. சட்டத்தை விட்டுவிடுவோம். நன்னெறிக் கல்வி வகுப்பில் நேர்மையைக் கற்றுவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, கூடத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தால் எந்தப் பாடத்தை நம்பும்?

இரண்டாம் கண்ணி இன்னும் நுட்பமானது. தட்டை இறக்குகிறோம். பிறகு தந்தைக்கு ஒரு தரவுத் திட்டம், தாய்க்கு ஒன்று, மூத்த பிள்ளைக்கு ஒன்று, இடையில் மூன்று திரைப்படச் செயலிகளுக்குச் சந்தா. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் பழைய தொகையே வந்து நிற்கிறது. அது மட்டுமன்று. முன்பு குடும்பம் ஒரு திரையைப் பார்த்தது. இப்போது நால்வர் நான்கு திரைகளைப் பார்க்கிறார்கள். பாட்டியோடு அமர்ந்து தொடர் பார்த்த பிள்ளை, "அந்த மாமா ஏன் அழுகிறார்?" என்று தமிழில் கேட்டது, பாட்டி தமிழில் விடை சொன்னார். அந்த உரையாடல்தான் அதன் முதல் கேட்டல் பேச்சுப் பயிற்சி. இன்று காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு வேற்றுமொழிக் காணொளி பார்க்கும் பிள்ளை, முதலாம் ஆண்டில் வந்து அமரும்போது "எனக்கு வேண்டும்" என்ற சொற்றொடருக்கே தடுமாறுகிறது. அதைப் பார்க்கிறவள் நான்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்தோம். நிகழ்ச்சி எதுவானாலும் கூடத்துத் தொலைக்காட்சியில்தான். ஒரு மாதத்திற்கு ஒரு செயலிக்கு மேல் சந்தா இல்லை. பிள்ளைகளுக்குப் பாட நேரத்திற்கு மட்டும் இணையக் கருவி.

எது முதலில்?

2020இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் வறுமை இருக்கிறது. அதைத் தனி ஒரு குடும்பத்தின் சிக்கனத்தால் தீர்க்க இயலாது, அரசும் சமுதாயமும்தான் கைகொடுக்க வேண்டும். ஆனால், நம் வகுப்புகளில் சில குடும்பங்களுக்கேனும் பணம் இல்லாமல் இல்லை. அது போகும் இடம்தான் பழைய இடமாக இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வகுத்த வரிசையை நாம் மாற்றவில்லை. முதலில் பிள்ளையின் பாடத்திற்கு உதவும் வீட்டு இணையம். அடுத்து முதியவரின் தொலைபேசி. அதற்கடுத்துதான் பொழுதுபோக்கு.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கட்டணப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, தகுதியுள்ள பெற்றோருக்கு மலிவான தொகுப்புகளுக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். மலாய் மொழிப் படிவத்தைக் கண்டு தயங்கி நிற்கும் தாய்மார்கள் உண்டு. நம்மில் ஒருவர் அருகில் அமர்ந்து நிரப்பிக் கொடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளை இரவு ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, இன்று இரவே உங்கள் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். ஆனால், துண்டிக்கும் முன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.