நீலம் பாய்ந்த உளி

உளி மழுங்கியதும் கிரைண்டர் சுவிட்சைத் தட்டுகிறோம். பொறி பறக்கிறது, ஒரு நிமிடத்தில் சரிவு பளபளக்கிறது. வாயோரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அங்கே நீலம் பாய்ந்திருந்தால் அந்த உளி பதம் இழந்துவிட்டது. தேக்கில் நாலு வெட்டு வெட்டியதும் மடங்கும்.

கார்பன் எஃகைக் காய்ச்சித் தோய்த்தபின் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் பதம் இறக்குகிறார்கள். சாணையில் அதற்கு மேல் சூடேறினால் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என நிறம் மாறி, 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகிறது. நிறத்தை உரசி எடுத்துவிடலாம். அடியில் இளகிய எஃகு அப்படியே இருக்கும். தண்ணீரில் முக்கினாலும் போன கடினம் திரும்பாது. அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்துக் கழிக்க வேண்டும். ஹைஸ்பீடு எஃகு பிளேடு 500 டிகிரி வரை தாங்கும் என்பது உண்மை, ஆனால் நம்மிடம் உள்ள உளிகள் பெரும்பாலும் அந்த வகை அல்ல.

நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 6 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,850 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. சுவீடனின் டார்மெக் போன்ற ஈரச்சாணையில் 250 மில்லிமீட்டர் கல் 90 முறைதான் சுற்றும், அதுவும் தண்ணீரில் நனைந்தபடியே. நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நேரம் அதிகம் பிடிக்கும், பதம் போகாது. இழைப்புளி பிளேடை நாள்தோறும் தீட்டும் பட்டறை அதை வாங்கும் செலவைத் தயங்காமல் செய்யலாம் என்பதே எங்கள் கருத்து.

அதற்காகக் கையிலுள்ள கிரைண்டரை ஒதுக்க வேண்டியதில்லை. கூடவே வரும் சாம்பல் நிறக் கடினச் சக்கரத்தை மாற்றி, 60 அல்லது 80 கிரிட் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு சக்கரம் மாட்டுங்கள். டிரெஸ்ஸரால் அடிக்கடி அதன் முகத்தைச் சீவுங்கள். மெழுகிப்போன சக்கரம் வெட்டுவதில்லை, உரசிச் சூடேற்றுகிறது. வாய்க்கு அருகே விரலை வைத்துக்கொண்டே தேய்த்தால் சூடு உடனே தெரியும். மூலைகள் மெலிந்தவை, அவைதான் முதலில் நீலமாகும். வாயைத் தொடுவதற்கு மயிரிழை முன்பே நிறுத்திவிடுங்கள். மிச்சம் தீட்டுக்கல்லின் வேலை: சரிவு 25 டிகிரியில் இருந்தால், வாயை மட்டும் 30 டிகிரியில் பிசிறு எழும்வரை தீட்டினால் போதும்.

பின்புறத்துக்குக் கிரைண்டர் உதவாது. பின்புறம் தட்டையாக இல்லாவிட்டால் சரிவை எவ்வளவு தீட்டியும் கூர் நிற்காது. சிலர் சக்கரத்தின் பக்கவாட்டில் உளியை அழுத்திப் பின்புறத்தைத் தேய்க்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விளிம்பில் தேய்க்கவென்று செய்த சக்கரம் பக்க அழுத்தத்தில் உடைந்து முகத்தில் சிதறக்கூடும். புது உளி வாங்கிய அன்றே, தட்டையான தீட்டுக்கல்லில் வாயோரம் ஓர் அங்குலத்தை ஆலையின் கோடுகள் மறையும்வரை தேய்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் பிசிறை எடுக்க நாலு இழுப்பு போதும்.