முகத்தில் பூசுவது சிறுநீரகத்தில் இறங்குகிறது

மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில் 2023இல் சிலர் சிறுநீரக மருத்துவர்களிடம் வந்தார்கள். கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர். துருவிக் கேட்டபோது, பலரும் சிவப்பழகு கிரீம் பூசி வந்தது தெரிந்தது. அதில் பாதரசம். மெலனின் சுரப்பதை அது தடுப்பதால் முகம் சட்டென்று வெளுக்கும். தோல் வழியே உள்ளே போன பாதரசமோ சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்து, புரதத்தை ஒழுகவிடும். இப்படிப்பட்ட கிரீமில் பாதரசம் தெரியாமல் கலந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள். தயாரித்தவர் முகவரியே இல்லாத டப்பாவுக்கு விதியாவது, வரம்பாவது!

பாதரசம் இல்லையென்றால் ஸ்டீராய்டு. தோல் அரிப்புக்குத் தரும் ட்யூபை மெடிக்கல் ஷாப்பில் ‘கலருக்கு’ என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். பூசும் வரை பளபளப்பு. நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு, பரு. பயந்து மறுபடி பூசுகிறார்கள்; தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரிகிறது. மருந்துச்சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018இலேயே உத்தரவு வந்தாயிற்று.

வாங்குகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. “பொண்ணு தங்கம்தான், கலர்தான் கொஞ்சம் கம்மி” என்று தரகர் இழுத்தாலே வீடு பதறிப்போகிறது. பதவியும் காப்பாற்றுவதில்லை. கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தனக்கு முன் அதே நாற்காலியில் இருந்த கணவரின் காலம் வெள்ளை, தன் காலம் கறுப்பு என்று ஒருவர் ஒப்பிட்டதை 2025 மார்ச்சில் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருக்கே அந்தப் பேச்சு என்றால், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் எதைக் கேட்டிருக்க மாட்டாள்?

2020 பிப்ரவரியில் உங்கள் அமைச்சகம் ஒரு சட்ட வரைவு கொண்டுவந்தது. நிறத்தை வெளுப்பதாகச் சொல்லும் விளம்பரத்துக்கு முதல் முறை இரண்டாண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்; திரும்பச் செய்தால் ஐந்தாண்டு, 50 லட்சம். 45 நாள் கருத்துக் கேட்டீர்கள். அதோடு சரி.

சட்டம் வரும்போது வரட்டும். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று கிளம்பிக் கடை கடையாகச் சோதித்ததே, அதை எல்லா மாநிலங்களிலும் செய்ய வையுங்கள். சோதனையில் சிக்கும் கிரீம்களின் பெயர்களை மறைக்காமல் வெளியிடுங்கள்.