காற்றாடி எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்சில் போகிறவர்கள், ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். முப்பந்தல்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ராட்சதக் காற்றாடிகள். மலைக் கணவாயில் புகுந்து வரும் காற்று, வைகாசி முதல் ஆவணி வரை அவற்றை ஓயாமல் சுழற்றும்.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனையாகச் சில காற்றாடிகள் நிறுவப்பட்டன. இன்று தமிழ்நாட்டுக் காற்றாடிகளின் மின்சாரத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல்.

மின்சாரக் கணக்கு சரி. வேலைக் கணக்கு?

புதிய திட்டம் வரும்போதெல்லாம், "இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை" என்று அறிவிப்பும் வருகிறது. நிலத்தைக் கொடுக்கும் குடும்பம், "நம்ம பையனுக்கு அங்கே வேலை உண்டா?" என்று கேட்கிறது. நியாயமான கேள்விதானே!

நடவுக்கு எத்தனை ஆள்?

"இந்த வயல் நடவுக்கு 20 ஆள்" என்று விவசாயி சொல்வார். 20 பேர் ஒரு நாள் நட்டாலும் 20 ஆள்தான். 10 பேர் இரண்டு நாள் நட்டாலும் 20 ஆள்தான்.

நிபுணர்கள் போடும் கணக்கும் இதுவே. நாளுக்குப் பதில் ஆண்டு, அவ்வளவுதான். ஒருவர் ஓர் ஆண்டு முழுவதும் செய்யும் வேலை, ஓர் "ஆள் ஆண்டு".

ஓர் ஊரில் காற்றாடி நிறுவ 100 பேர் ஆறு மாதம் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். அது 50 ஆள் ஆண்டு. வேலை முடிந்ததும் கிரேன் போய்விடும். கான்கிரீட் போட்டவர்களும் வேறு ஊருக்கு மூட்டை கட்டுவார்கள். காவலுக்கும் பழுது பார்க்கவும் இரண்டு பேர் தங்குவார்கள். அந்த இருவரும் 25 ஆண்டு வேலை பார்த்தால், அதுவும் 50 ஆள் ஆண்டு!

ஆக மொத்தம் 100. ஆனால் ஊரில் நிலைத்த வேலை? இரண்டே இரண்டு!

"நூறு" என்பதும் பொய்யல்ல. "இரண்டு" என்பதும் பொய்யல்ல. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விடுவதில்தான் வம்பு இருக்கிறது.

டீக்கடையும் சேருமா?

இறக்கை செய்யும் தொழிற்சாலை ஆட்களைச் சேர்க்கலாம். அதை ஏற்றி வரும் லாரி டிரைவரைச் சேர்க்கலாம். அவர் டீ குடிக்கும் கடைக்காரரையும் சிலர் சேர்க்கிறார்கள்! வட்டம் பெருக்கப் பெருக்க எண்ணிக்கையும் பெருகும். ஆனால் அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர் இழந்த பிழைப்பை யாரும் கழிப்பதாகத் தெரியவில்லை. கூட்டல் தெரிந்தவர்களுக்குக் கழித்தல் மறந்துபோகிறது போலும்!

டில்லியிலுள்ள எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர்வளக் கவுன்சிலும் ஓர் அமெரிக்க அமைப்பும் 2019-ல் ஒரு கணக்கை வெளியிட்டன. வீட்டுக் கூரைகளில் சூரிய மின் தகடு பொருத்தினால், மெகாவாட் ஒன்றுக்கு 24.72 வேலை. காற்றாடியிலோ 1.27 தான்! காரணம் எளிது. ஒரு மெகாவாட்டுக்கு நூற்றுக்கணக்கான கூரைகளில் ஆட்கள் ஏற வேண்டும். காற்றாடி ஒன்றே இரண்டு, மூன்று மெகாவாட் தரும்.

இப்போது பழைய காற்றாடிகளை மாற்றும் காலம். அதற்கென்று 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கை அறிவித்தது. 250 கிலோவாட் காற்றாடி எட்டு செய்யும் வேலையை, 2 மெகாவாட் காற்றாடி ஒன்றே செய்துவிடும். பழையதைக் கழற்றவும் புதியதை நிறுவவும் சில மாதம் ஆட்கள் வருவார்கள். அதன் பிறகு காவல் காக்க வேண்டியது எட்டு அல்ல, ஒன்று.