எலன் பள்ளத்தாக்கின் இருட்டு

வேல்ஸ் தேசத்து எலன் பள்ளத்தாக்கில் மழைக்குக் குறைவில்லை. அம்மழையை நாடியே பர்மிங்காம் நகரத்தார் 1893-ல் அங்கு அணைகட்டத் தொடங்கினர். 1904-ல் ஜலம் நகரம் சேர்ந்தது. வீடிழந்தவர் சுமார் 100 பேர். நிலச்சொந்தக்காரர் நஷ்டஈடு பெற்றனர். குடியிருந்த ஏழைகளுக்கு யாதொன்றுமில்லை. இதை நியாயமென்று நாம் ஒப்பமாட்டோம்.

நகரத்தார் கொண்டுபோக இயலாத பொருளொன்று அங்கே மிஞ்சியது: இருட்டு. 2015-ல் அவ்விடம் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. மேகம் விலகும் இரவு அங்கே அருமைதான். ஆனால் மழையையும் வெயிலையும் பார்த்தே ஆடு வளர்க்கும் குடியானவர்க்குக் காத்திருத்தல் புதிதன்று. விலகிவிட்டாலோ, ஆகாயகங்கை வெறுங்கண்ணுக்கே புலப்படும். இதற்காக யாரும் விளக்கை அணைத்துவிட்டு இருளில் தடுமாற வேண்டியதில்லை. ஒளி தரைநோக்கி விழுமாறு மூடியிட்டால் போதும். பள்ளத்தாக்காரிடம் ஜலத்தை வாங்கிக்கொண்ட நகரத்தார் இந்த யோசனையையும் வாங்கிக்கொள்ளலாகாதா? அவர்கள் குழந்தைகளும் நாலு நட்சத்திரம் கூடுதலாகப் பார்ப்பார்களே!