சருகைக் கொளுத்தாதீர்கள்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

காலையில் நம் கல்லூரிக்குள் நுழைவோரை முதலில் வரவேற்பது புகை. வாகை மரத்தடியிலும் புங்க மரத்தடியிலும் உதிர்ந்த சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது என்று நாமும் மகிழ்கிறோம். ஆனால் அந்த நிழலில் ஒரு பூவாவது உண்டா? வெறும் கட்டாந்தரைதான். கேட்டால், “நிழலில் ஒன்றும் வளராது” என்கிறார்கள். இதை நான் ஏற்க மறுக்கிறேன்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளைப் பாருங்கள். மேப்பிள், பீச் முதலிய மரங்கள் பனிக்காலம் முழுவதும் மொட்டையாக நிற்கும். பனி உருகி, அவை மீண்டும் தழைத்து நிழல் மூடுவதற்குள் சில வாரங்களே வெயில் தரையில் விழும். அந்தச் சில வாரங்களை நம்பியே ஒரு கூட்டம் வாழ்கிறது. ‘டச்சுக்காரன் கால்சட்டை’ என்று வேடிக்கையாகப் பெயரிடப்பட்ட செடி அதற்குள் இலை விட்டு, பூத்து, விதைத்து, கோடை முற்றுவதற்குள் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். மூன்று இதழ் கொண்ட வெள்ளை டிரில்லியமும் அப்போதுதான் பூக்கும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் 1937இல் அதைத் தன் சின்னமாகவே கொண்டது. அதன் விதையில் கொழுப்புள்ள சிறு ஒட்டு ஒன்று உண்டு. எறும்புகள் அதற்காக விதையை இழுத்துச் சென்று, ஒட்டைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். அங்கே அது முளைக்கும். முளைத்தது பூக்க ஏழாண்டுகளுக்கு மேலும் ஆகலாம்!

இவற்றை வீட்டு நிழலில் வளர்ப்போர் முதலில் செய்வது என்ன தெரியுமா? சருகை அப்படியே விட்டுவிடுவது. மக்கிய சருகுதான் அச்செடிகளுக்குப் போர்வையும் உணவும்.

1907இல் மினியாபொலிஸ் நகரில் எலோயிஸ் பட்லர் என்னும் பள்ளித் தாவரவியல் ஆசிரியை, உடன் பணியாற்றியோருடன் சேர்ந்து நகரப் பூங்கா வாரியத்திடம் மன்றாடி, காட்டுப் பூக்களுக்கென்றே ஓரிடம் பெற்றார். 1933இல் மறையும்வரை அதைக் காத்தார். இன்றும் அது அவர் பெயரால் இருக்கிறது. ஓர் ஆசிரியையால் முடிந்தது ஒரு கல்லூரியால் முடியாதா?

நமக்கு டிரில்லியம் வேண்டாம். நம் வெயிலில் அது பிழைக்காது. நமக்குக் காந்தள் இருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது அதுதான். அதுவும் கோடையில் மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டு எழுந்து, ஐப்பசி, கார்த்திகையில் பூப்பது. காலுக்கு நிழலும் தலைக்கு வெயிலும் கேட்கும். கிழங்கு கொடிய நஞ்சு என்பது உண்மைதான். எங்கள் ஊரில் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி வீட்டுப் பக்கமே விடமாட்டார்கள். எனவே வேலிக்குள் வைத்து எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். நிழலிலேயே தரையொட்டி மஞ்சள் விண்மீனாய்ப் பூக்கும் நிலப்பனையும் உண்டு.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு களப்பயணத்தில் மலையடிவாரத்தில் ஒரு காந்தளைக் கிழங்கோடு தோண்டி வந்தேன். கல்லூரியில் வைத்து அழகு பார்க்க ஆசை. வரும் வழியில் கிழங்கின் நுனி ஒடிந்தது. முளை அந்த நுனியில்தான் இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அது முளைக்கவே இல்லை. பூத்திருந்த இடத்திலும் இல்லை, இங்கும் இல்லை. மருந்துச் சரக்குக்காக நிலப்பனையைத் தோண்டுவோரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஆகவே காட்டில் கைவைக்க வேண்டாம். மூலனூர்ப் பக்கம் உழவர்கள் விதைக்காகவே காந்தள் பயிரிடுகிறார்கள். அங்கிருந்து விதை வாங்கலாம். விதையிலிருந்து பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நம் படிப்போ மூன்றாண்டு. இப்போது பள்ளியில் படிக்கும் தம்பி தங்கையர்தாம் அப்பூவைப் பார்ப்பார்கள். அதனால் என்ன?

நூலகத்தின் பின்புறம் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். முதல்வர் அவர்கள் மனமுவந்து அனுமதி தர வேண்டும். அங்கே மட்டும் கூட்ட வேண்டாம் என்று ஆயாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். வேலை குறைகிறது என்றால் அவர் மறுக்கவா போகிறார்?