பஸ் இலவசம், நேரம் யாருடையது?

பயணச் செலவுன்னாலே கார், பெட்ரோல், டிக்கெட் விலைன்னுதான் பேசுறோம். தோஹா தொழில்பேட்டைத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கம்பெனி பஸ்தான், டிக்கெட் கிடையாது. அவர் கொடுக்கும் விலை நேரம்.

தங்குமிடத்திலிருந்து வேலையிடத்துக்குப் போய்வரும் நேரம் வேலை நேரத்தில் சேராது என்கிறது கத்தாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 73ஆம் பிரிவு. போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தாலும் ஆறு நாளில் 12 மணி நேரம். ஒன்றரை வேலைநாள், சம்பளமில்லாமல்!

எங்கே தங்கணும், எப்போ பஸ் ஏறணும்னு முடிவு பண்றது கம்பெனி. அப்போ அந்த நேரமும் கம்பெனி கணக்குதானே?

2021இல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால் ஆனது. அதை உயர்த்தக் கேட்கும்போதே இதையும் கேட்போம்: பஸ் ஏறும் நிமிஷத்திலிருந்து வேலை நேரம்னு எழுதுங்க.